குறைநீக்கற் போதனையும் தமிழெழுத்தும்

ஜொகூர் மாநிலத்தில், பத்து பகாட்டிலிருந்து குளுவாங் செல்லும் சாலையும் வடக்கிலிருந்து ஜொகூர் பாருவுக்குச் செல்லும் பழைய பெருஞ்சாலையும் சந்திக்கும் இடம் ஆயர் ஈத்தாம். வழிப்போக்கர் அவ்வூரை மட்பாண்டக் கடைகளாலும் தின்பண்டக் கடைகளாலும் நினைவிற் கொள்வர். தமிழாசிரியர் நினைவிற் கொள்வதோ அதைச் சூழ்ந்த இரப்பர், செம்பனைத் தோட்டங்களையும், அத்தோட்ட மக்களுக்காக எழுந்த சிறு பள்ளிகளையுமாம். ஜொகூரில் உள்ள ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகளில் பல இவ்வாறு தோன்றியவையே. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிருவாகம் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆசிரியரின் தகுதியைப் பற்றியோ கற்பிக்க வேண்டிய பாடத்தைப் பற்றியோ அச்சட்டம் பெரிதும் கவலை கொண்டதாகத் தெரியவில்லை. கணக்குப்பிள்ளையே ஆசிரியராக இருந்த காலமும் உண்டு.

அந்நிலை மாறி நெடுங்காலமாயிற்று. 1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் பொதுவான பாடப்பொருளை வகுத்தது. 1983-இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் வாசிப்பு, எழுத்து, எண் என்னும் மூன்று திறன்களையும் அடிப்படையாகக் கொண்டு, பின்தங்கிய மாணவர்க்குக் குறைநீக்கற் போதனையும் முந்திச் செல்லும் மாணவர்க்கு வளப்படுத்தும் போதனையும் வேண்டும் என்றது. 2011-இல் வந்த கலைத்திட்டமும் இக்கொள்கையைக் கைவிடவில்லை. எனவே, மாணவரைத் தேவைக்கேற்பப் படிநிலைப்படுத்தி உதவுதல் என்பது தமிழாசிரியர்க்குப் புதுமையன்று. பயிற்சிக் கல்லூரியில் பாடத்திட்டக் குறிப்பு எழுதக் கற்ற நாள்முதல் ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் 'குறைநீக்கல்', 'வளப்படுத்தல்' என்று இரு வரிகள் எழுதி வந்தவர் அவர். அந்த இரு வரிகளும் குறிப்பேட்டினின்று இறங்கி வகுப்பறைக்குள் எத்தனை முறை வந்தன என்பது வேறு கேள்வி.

பிற நாடுகளும் இவ்வழியிற் சென்றுள்ளன. அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்திற்குப் பின், கல்வி மாவட்டங்கள் மாணவர்க்கு மூன்றடுக்கு உதவி அளிக்கும் முறை பரவியது. எல்லார்க்கும் நல்ல பொதுப்போதனை, சிலர்க்குச் சிறு குழுவிற் கூடுதற் போதனை, மிகச் சிலர்க்குத் தனிப்போதனை என்பது அம்முறை. பின்லாந்து 2011 முதல் ஏறத்தாழ இதனையே சட்டமாக்கியது. இம்முறையின் உயிர்நாடி முதலடுக்கில் இருக்கிறது. பொதுப்போதனை செம்மையாக இருந்தால்தான் இரண்டாம் அடுக்கிற்கு வருவோர் சிலராக இருப்பர். வகுப்பில் பாதிப்பேர் குறைநீக்கலுக்குச் செல்கின்றனர் என்றால், குறை மாணவரிடத்தில் தேடப்பட வேண்டியதன்று.

மலேசியாவில் இம்முறைக்குக் கிடைத்த பெருஞ்சோதனை 2010-இல் தொடங்கிய லினஸ் திட்டமாகும். மூன்றாண்டுப் படிப்பு முடிவதற்குள், சிறப்புத் தேவையுடையோர் நீங்கலாக ஒவ்வொரு பிள்ளையும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற்றாக வேண்டும் என்பது அதன் குறிக்கோள். உயர்ந்த குறிக்கோள் என்பதில் ஐயமில்லை. முதலாம் ஆண்டு மாணவரை ஆண்டில் மூன்று முறை சோதித்தனர். எழுத்தறிவுக்குப் பன்னிரண்டு படிகள் வகுக்கப்பட்டன. முதலிரு படிகளைத் தாண்டாதவர் குறைநீக்கல் வகுப்பிற்கும், அவற்றைத் தாண்டி எஞ்சியவற்றில் தடுமாறுவோர் லினஸ் வகுப்பிற்கும், பன்னிரண்டையும் தாண்டியோர் பொது வகுப்பிற்கும் அனுப்பப்பட்டனர். ஆசிரியர்க்கு வழிகாட்ட மாவட்டக் கல்வி அலுவலகங்களில் துணையாளர் நியமிக்கப்பட்டனர். காகிதத்தில் இதனினும் தெளிவான ஏற்பாடு அரிது.

ஆயின், அத்திட்டம் எழுத்தறிவு என்று எதனைக் கொண்டது? தேசிய மொழியாகிய மலாயில் வாசிக்கவும் எழுதவும் பொருளுணரவும் வல்லமை பெறுதலையே அது எழுத்தறிவு என்றது. 2013-இல் திட்டம் விரிந்தபோது ஆங்கில எழுத்தறிவும் சேர்க்கப்பட்டது. தமிழ் எழுத்தறிவு தேசிய இலக்கில் இடம்பெறவில்லை. தமிழ்ப்பள்ளியில் ஏழு வயதில் நுழையும் பிள்ளை நாள்தோறும் கணிதத்தையும் அறிவியலையும் நன்னெறியையும் எந்த எழுத்தின் வழியாகக் கற்றதோ, அந்த எழுத்தை அது அறிந்ததா இல்லையா என்று அச்சல்லடை கேட்கவில்லை.

தேசிய மொழியைப் பிழையறக் கற்க வேண்டும் என்பதை மறுப்பார் தமிழாசிரியருள் எவருமில்லை. இங்கு எழுவது மொழிப்பூசல் அன்று. கற்பித்தல் முறையைப் பற்றிய கேள்வி. ஒரு பிள்ளை மலாயில் இரண்டாம் படியில் நின்றுவிட்டது என்று சோதனை காட்டுகிறது. அப்பிள்ளை எந்த மொழியிலும் எழுத்தையும் ஒலியையும் இணைக்கக் கல்லாததா? அல்லது தமிழில் நன்கு வாசித்து, மலாய்ச் சொற்கள் பழகாமையால் மட்டும் தடுமாறுகிறதா? முன்னதற்கு வேண்டுவது எழுத்துப் பயிற்சி. பின்னதற்கு வேண்டுவது பேச்சும் கதையும் பாட்டுமாகிய சொற்பயிற்சி. இரண்டும் வெவ்வேறு மருந்து. சோதனைத்தாள் இருவரையும் ஒரே வகுப்பில் அமர்த்திவிடும்.

லினஸ் வகுத்த பன்னிரண்டு படிகளைக் கூர்ந்து நோக்கினால் இன்னொன்று புலப்படும். முதற்படி எழுத்துகள். இரண்டாவது, 'பா', 'பு' போன்ற திறந்த அசைகள். அதன்பின் அவ்வசைகளாலாகிய சொற்கள், மூடிய அசைகள், 'ங்' ஒலியில் முடியும் அசைகள், ஈருயிர்கள், இணைமெய்கள், முன்னொட்டும் பின்னொட்டும், இறுதியில் வாக்கியம். இருபத்தாறு எழுத்தும் ஒழுங்கான அசையமைப்பும் கொண்ட மலாய்க்கு இது பொருத்தமான ஏணி. இதனை அப்படியே தமிழுக்குப் பெயர்த்து வைத்தால் போதும் என்று யாரேனும் எண்ணினால் அவர் முதலாம் ஆண்டு வகுப்பில் ஒரு திங்கள் இருந்து பார்த்தல் நலம். மலாய்ப் பிள்ளைக்கு இரண்டாம் படி என்பது தான் அறிந்த இரண்டெழுத்தைப் பக்கத்திற் பக்கம் வைத்தல். தமிழ்ப் பிள்ளைக்கு அதே படி 216 உயிர்மெய் வடிவங்களின் காடு.

அக்காட்டில் பிள்ளைகள் எங்கே வழி தவறுகின்றனர் என்பது அனுபவமுள்ள ஆசிரியர் எவர்க்கும் தெரியும். அகர உயிர்மெய்யில் இடரில்லை. காலும் விசிறியும் விரைவிற் பிடிபடும். உகர ஊகாரத்தில்தான் முதற் சறுக்கல். சு, பு, யு, வு ஆகியவற்றில் கோடு கீழிறங்குகிறது. து, நு, று, லு வலப்புறம் கால் கொள்கின்றன. டு, மு, ரு, ளு சுழிந்து வளைகின்றன. கு இவை எவற்றொடும் சேராது தனிநிற்கிறது. 1978-இல் தமிழக அரசு பெரியாரின் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை முதலிய பதின்மூன்று வடிவங்கள் ஒழுங்குபட்டன. மலேசியப் பாடநூல்களும் அவ்வழியே வந்தன. உகர வரிசை பழைய வடிவிலேயே நின்றுவிட்டது. சீர்திருத்தத்தை மேலும் நீட்டலாமா என்பதை அறிஞர் வாதிடட்டும். அதுவரை இவ்வடிவங்களைக் குழுவாகப் பிரித்துக் கற்பிக்க வேண்டியவர் ஆசிரியரே. அரிச்சுவடியில் க முதல் ன வரை வரிசையாக ஒப்பிக்கச் செய்வதால் இவ்வேற்றுமை பிள்ளையின் கண்ணில் படுவதில்லை.

அடுத்த சறுக்கல் கொம்பு. இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும் என்று கற்பித்த மறுவாரமே, முன்னால் எழுதியதைப் பின்னால் ஒலிக்க வேண்டும் என்கிறோம். கொம்பும் காலும் இருபுறமும் நிற்கும் ஒகரத்தில் பிள்ளை கொம்பைத் தாண்டிவிட்டு எஞ்சியதை வாசிக்கிறது. 'பொட்டு' என்பது 'பாட்டு' ஆகிறது. 'பாட்டு' என்பதும் நல்ல சொல்லாதலால், தன் பிழை அதற்கே தெரிவதில்லை; விரைந்து கேட்கும் ஆசிரியர்க்கும் சில வேளை தெரிவதில்லை. ஔகாரத்தின் நிலை இன்னும் விந்தை. 'கௌதாரி'யின் முதலெழுத்தும் 'கெளுத்தி'யின் முதலிரண்டு வடிவங்களும் அச்சில் ஒன்றையொன்று பெரிதும் ஒத்து நிற்கின்றன. பெரியவர் சொல்லை முன்பே அறிந்திருப்பதால் தப்புகிறார். அச்சொற்களைக் கேட்டறியாத பிள்ளை எதைக் கொண்டு தப்பும்? தோட்டத்தை விட்டு நகரின் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த வீட்டுப் பிள்ளை கௌதாரியையும் கண்டதில்லை, கெளுத்தியையும் கண்டதில்லை.

லகர ளகர ழகரமும், ரகர றகரமும், னகர ணகர நகரமும் இவற்றின் பின்வருபவை. இவை பெரும்பாலும் எழுதுவதில் வரும் பிழைகள். வாசிப்பைத் தடுப்பன அல்ல. ஆயினும் சொல்வதெழுதலில் சிவப்புமை மிகுதியாகச் செலவாவது இங்கேதான். வாசிக்கவே அறியாத பிள்ளையையும், நன்கு வாசித்து 'பள்ளி'யைப் 'பல்லி' என்றெழுதும் பிள்ளையையும் ஒரே மதிப்பெண் ஒரே இடத்தில் நிறுத்துகிறது.

எண்ணிக்கையால் மட்டும் பிழையை அளப்பதன் தீங்கு வாசிப்பில் இன்னும் தெளிவாகும். நூலில் 'அவர்கள் வீட்டிற்கு வந்தார்கள்' என்று இருப்பதை ஒரு பிள்ளை 'அவங்க வீட்டுக்கு வந்தாங்க' என்று வாசிக்கிறது எனக் கொள்வோம். மூன்று சொல்லில் மூன்று பிழை என்று குறிக்கலாம். உண்மையில் அப்பிள்ளை எழுத்தைக் கண்டு, பொருளை உணர்ந்து, தன் வீட்டு மொழியிலே திருப்பிச் சொல்லிவிட்டது. அதற்கு வேண்டுவது நூல்வழக்கில் சிறு பழக்கம், குறைநீக்கல் வகுப்பன்று. பக்கத்தில் இருக்கும் பிள்ளையோ அவ்வாக்கியத்தைப் பிழையின்றி ஒப்பிக்கிறது. ஆனால் விரல் ஒரு சொல்லிலும் வாய் வேறு சொல்லிலும் இருக்கின்றன. அது பாடத்தை மனப்பாடம் செய்துவிட்டது. சோதனையில் முன்னது தோற்கும், பின்னது வெல்லும். நியூசிலாந்தின் மேரி கிளே வாசிப்பு மீட்புத் திட்டத்தை வகுத்தபோது, பிள்ளை வாசிக்க வாசிக்க ஆசிரியர் அருகிருந்து ஒவ்வொரு பிழையையும் அதன் வகையோடு குறிக்கும் முறையைக் கைக்கொண்டார். எத்தனை பிழை என்பதோடு எத்தகைய பிழை என்பதையும் அக்குறிப்பு சொல்லும். தமிழின் இருவழக்கிற்கு இது எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை வேறெம்மொழிக்கும் இல்லை எனலாம்.

இனி, இலக்கைப் பற்றி ஒரு சொல். ஒருவரும் விடுபடக் கூடாது என்பது கொள்கையாக இருக்கும்வரை சிறப்பு. அதுவே அலுவலகத்தின் எண்ணாக மாறி, பள்ளிதோறும் நூற்றுக்கு நூறு காட்ட வேண்டும் என்றாகும்போது கேடு நுழைகிறது. லினஸ் சோதனையை நடத்தியவர் வகுப்பாசிரியர். அச்சோதனை முடிவால் மதிப்பிடப்பட்டவரும் அவரே. நாடித் துடிப்பைப் பார்ப்பவர், துடிப்பு சரியில்லையென்றால் தானே விளக்கக் கடிதம் எழுத வேண்டும் என்னும் நிலையில், எத்தனை பேர் உள்ளதை உள்ளவாறு எழுதுவர்? ஆசிரியரைக் குறைகூறுவது எளிது. அவரை அந்நிலையில் வைத்த ஏற்பாட்டையே குறைகூற வேண்டும்.

விளைவு என்ன? 2013-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்து, விரிவுபடுத்தப்பட்ட லினஸ் திட்டத்தில் முதன்முதல் அடியெடுத்து வைத்த பிள்ளைகள் 2006-இல் பிறந்தோர். அவர்களே பதினைந்து வயதினராகி 2022-ஆம் ஆண்டின் அனைத்துலக பிசா மதிப்பீட்டை எழுதினர். வாசிப்பில் மலேசியா பெற்றது 388 புள்ளி. 2018-இல் அது 415 ஆக இருந்தது. வளர்ந்த நாடுகளின் சராசரி 476. இடையில் பெருந்தொற்று பள்ளிகளை மூடியது; பழி முழுவதையும் ஒரு திட்டத்தின் மேல் ஏற்றுவது நேர்மையாகாது. எனினும், ஏழு வயதில் 'அடைந்தார்' என்று பதிவு பெறுவதும் பதினைந்து வயதில் வாசித்துணர்வதும் ஒன்றன்று என்பதை அவ்வெண்கள் காட்டிவிட்டன. லினஸ் பத்தாண்டு நிறையுமுன் நிறுத்தப்பட்டது. 2019-இல் முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வு நீங்கியது. 2021-இல் ஆறாம் ஆண்டுத் தேர்வும் நீங்கியது. இப்போது ஆசிரியர் ஆறு அடைவு நிலைகளில் மாணவரை மதிப்பிடுகிறார். 'இரண்டாம் நிலை' என்று எழுதப்பட்ட பிள்ளைக்கு உகரம் வரவில்லையா, கொம்பு வரவில்லையா, சொற்பொருள் வரவில்லையா என்பதை அந்த எண்ணும் சொல்வதில்லை.

தமிழுக்கென்றே அமைந்த படிநிலை முறையைக் காண வேண்டுமாயின் தமிழகத்தை நோக்க வேண்டும். அங்கே 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணிப்படி ஏறச் செய்தது. பெருந்தொற்றுக்குப் பின், 2022 ஜூன் திங்களில் எண்ணும் எழுத்தும் என்னும் இயக்கம் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கப்பெற்றது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையினராகப் பிரிக்கப்பட்டு, நிலைக்கேற்ற பயிற்சிநூல் பெற்றனர். எழுத்து முதலாகத் தமிழிலேயே தேர்ந்து, தமிழிலேயே உதவி தரும் ஏற்பாடு என்பதால் அது நம் கவனத்திற்குரியது. குறையில்லாததா என்றால், இல்லை என்று சொல்ல முடியாது. மதிப்பீடுகளைக் கைப்பேசிச் செயலியில் ஏற்றுவதிலேயே நேரம் கழிகிறது என்று தமிழக ஆசிரியர்கள் முறையிட்டனர். மூன்றாம் வகுப்பிலும் அரும்பாகவே இருக்கும் பிள்ளைக்கு அப்பெயரின் அழகு எவ்வளவு ஆறுதல் தரும் என்பதும் ஐயமே. பெயரை விட்டுப் பயிற்சிநூலின் அமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் மலேசியத் தமிழாசிரியர்க்குப் பயன் உண்டு.

ஆனால் தமிழகத்து முறையும் அமெரிக்க முறையும் பெரிய பள்ளியை மனத்திற்கொண்டவை. ஆயர் ஈத்தாம் போன்ற வட்டாரங்களில் நிலைமை வேறு. செம்பனை வந்தது; தோட்டங்கள் துண்டாடப்பட்டன; மக்கள் நகர்நோக்கிப் பெயர்ந்தனர்; வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். தோட்டப்பள்ளிகள் பலவற்றில் மாணவர் தொகை சுருங்கியது. ஒரு வகுப்பில் ஆறேழு பிள்ளைகளே இருக்கும்போது மூன்றடுக்கும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும். இது குறையெனத் தோன்றினும் ஒரு வகையில் பேறு. ஆறு பிள்ளைகளில் ஒவ்வொருவர் வாசிப்பையும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் தனித்திருந்து கேட்க எந்த ஆசிரியர்க்கும் இயலும். நாற்பது பேர் வகுப்பில் அது கனவு. இயலாதது வேறொன்று. தனிப்பயிற்சி பெற்ற குறைநீக்கல் ஆசிரியர் எல்லாச் சிறு பள்ளிக்கும் வாய்ப்பதில்லை. எழுத்துகளே கண்ணில் நிலைகொள்ளாத, டிஸ்லெக்சியா என்று ஐயுறத்தக்க பிள்ளையை அடையாளம் காண வகுப்பாசிரியரின் அன்பு மட்டும் போதாது. அப்பிள்ளையைச் 'சோம்பேறி' என்று மூன்றாண்டு அழைத்தபின் மருத்துவரிடம் அனுப்புவதால் இழந்த மூன்றாண்டு திரும்பாது.

இவ்விடத்திலேதான் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் கடமை வருகிறது. 2013-இல் கெடாவிலும் சபாவிலும் தொடங்கி, 2014-இல் நாடெங்கும் விரிந்த மாவட்ட உருமாற்றத் திட்டம், ஆசிரியர்க்கு வகுப்பறையிலேயே வழிகாட்டும் முழுநேரப் பயிற்றுநரை மாவட்டந்தோறும் அமர்த்தியது. நல்ல ஏற்பாடு. அப்பயிற்றுநர் மலாய், ஆங்கிலம், கணிதம் என்னும் மூன்று பாடங்களுக்கென அமர்த்தப்பட்டனர். தமிழ் அப்பட்டியலில் இல்லை. மாநிலக் கல்வி இலாகாவில் தமிழுக்கென அதிகாரி இருக்கலாம். ஆயினும் மாநிலம் முழுதும் சுற்ற வேண்டிய ஒருவர் ஒரு தோட்டப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பில் வாரந்தோறும் அமர்வது எங்ஙனம்? மொத்தப் பள்ளிகளுள் தமிழ்ப்பள்ளி சிலவே ஆதலால், மாவட்டத்திற்கு ஒருவர் என்று கேட்டால் செலவு மிகும் என்று விடை வரும். அவ்விடையில் நியாயமும் உண்டு.

அங்ஙனமாயின் அண்மையிலுள்ள நாலைந்து பள்ளிகளுக்கு ஒரு குறைநீக்கல் ஆசிரியர் போதும். முற்காலத்தில் தோட்ட மருத்துவர் தோட்டந்தோறும் முறைவைத்துச் சென்றது போல அவர் நாள்முறை வைத்துச் செல்லலாம். இதற்குத் தடையாக நிற்பது செலவினும் எல்லைக்கோடு என்பது விந்தை. ஆயர் ஈத்தாமும் யோங் பெங்கும் பத்து பகாட் மாவட்டம். அதே பெருஞ்சாலையில் தெற்கே சிறிது தொலைவு சென்றால் வரும் மாச்சாப்பும் சிம்பாங் ரெங்கமும் குளுவாங் மாவட்டம். ஒரு பள்ளியின் ஆசிரியர் அடுத்த பள்ளிக்குச் செல்ல இரு அலுவலகங்களின் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளின் பெற்றோர் வேலைக்காக இக்கோட்டை நாள்தோறும் கடக்கின்றனர்.

காலம் தாழ்த்திய உதவிக்கு நாடு நெடுநாள் செலவிட்டும் வந்திருக்கிறது. தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகளில் படித்து மலாயில் போதிய தேர்ச்சி பெறாதவர்க்கு இடைநிலைப் பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பு வைத்தனர். பதின்மூன்றாம் வயதில், தோழர் முதலாம் படிவத்திற்குச் செல்லத் தான் மட்டும் பின்தங்கும் நாணத்தோடு ஒரு பிள்ளை பெறும் அந்த ஓராண்டின் உதவியில் ஒரு சிறு பகுதியை ஏழாம் வயதிலே தந்திருந்தால் போதுமாயிருக்கும். அங்கே தேங்கி நின்று படிப்பையே விட்டவர் எத்தனை பேர் என்பதைத் தோட்டப்புறத்து மூத்தோர் அறிவர்.

2027 முதல் புதிய கலைத்திட்டம் வரும் என்று கல்வி அமைச்சு அறிவித்துள்ளது. அதற்கான தமிழ்ப் பாடநூலும் பயிற்சிநூலும் எழுதுவோர்க்கு ஒரு வேண்டுகோள் வைக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை வகுத்துத் தாருங்கள். அடைவு நிலையின் எண் அதில் ஒரு மூலையில் இருக்கட்டும். எஞ்சிய இடத்தில், 'உகரத்தில் து, நு குழு வரும். டு, மு குழு வரவில்லை', 'ஒகரத்தில் கொம்பை விடுகிறான்', 'பேச்சு வழக்கில் மாற்றி வாசிக்கிறாள், பொருள் உணர்கிறாள்' என்று ஆசிரியர் தம் கையால் எழுதுமாறு கோடுகள் இருக்கட்டும். தந்தைக்கு வேலை மாறி ஆண்டின் நடுவில் ஒரு பிள்ளை யோங் பெங்கிலிருந்து சிம்பாங் ரெங்கத்திற்கு மாறிச் செல்லும்போது அவ்வட்டை உடன் செல்லட்டும். புதிய பள்ளியின் ஆசிரியர் திங்கட்கிழமை காலை அப்பிள்ளையை எந்த எழுத்திலிருந்து தொடங்குவது என்று அதைப் பார்த்து அறிந்துகொள்வார்.